பெரட்டில் பிறந்த பாட்டு: கோலாலம்பூர்க் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் ஐந்து பேர் சேர்ந்த ஒரு தமிழ் இசைக்குழு, 4 நிமிடம் 40 விநாடி ஓடும் ஒரு பாட்டைச் செய்து முடிக்க ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்துக்கொண்டது. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்பு ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பேர் வரிசைதான் இந்தப் பாட்டின் பல்லவி. பின்னால் நிறுவனம் கிடையாது, காசு போடும் தயாரிப்பாளர் கிடையாது. ஐந்து பேருமே பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அந்தப் பாட்டைப் பதிவு செய்து ஒலிக்கலவை செய்தவன் நான். அதற்கு முன்பிருந்தே அவர்களுடைய ஒத்திகைகளில் மூலையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த ஒத்திகைப் பதிவுகளையும் கேட்டேன். அதனால் பாட்டின் எந்தத் துண்டு எந்த நேரத்தில் யாரிடமிருந்து வந்தது என்பதை ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. குழுவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டுவிட்டு, அவரவர் வாத்தியத்தை வைத்தே எழுதுகிறேன்.

ஒரு குழுவுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், யாரோ ஒருவருக்குத் தோன்றுகிறது, மற்றவர்கள் அதை வாசிக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைப்போம். பல குழுக்களில் நடப்பதும் அதுதான். இந்தப் பாட்டில் ஒரு இடம்கூட அப்படி வரவில்லை. ஒருவர் செய்ததை இன்னொருவர் வேறு மாதிரிக் கேட்டார், அந்தக் கேட்டலில் இருந்துதான் ஒவ்வொரு துண்டும் வந்தது. ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்பதற்கு அவர்கள் என்னென்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வு.

குழுவும் சூழலும்

மலேசியத் தமிழர்கள் குழுவாகச் சேர்ந்து வாசிப்பது புதிதல்ல. பினாங்கில் 1960களின் இறுதியில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் தொடங்கிய அலிகேட்ஸ் குழு, மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. தமிழில் பெரிய உடைப்பு 2006இல் யோகி பி அண்ட் நட்சத்ராவின் தொகுப்போடு வந்தது. கோலாலம்பூர்த் தமிழ் ராப் சென்னைக்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்புறம் இங்கே வளர்ந்த பையன்களுக்குப் பாட்டு என்றாலே ஒரு மடிக்கணினி, ஒரு பீட், ஒரு மைக். இரண்டு பேர் போதும், ஒரு படுக்கையறை போதும். அதில் எவ்வளவோ நல்ல பாட்டுகள் வந்திருக்கின்றன. ஆனால் நாலைந்து பேர் ஒரே அறையில் நின்று, வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் சொந்தப் பாட்டைச் செய்வது குறைந்துபோனது. வாத்தியம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் இசைக்குழுக்களில் இருந்தார்கள். இந்தக் குழுவின் கிட்டார்காரர் அங்கிருந்து வந்தவர்தான். எந்தப் பாட்டைக் கேட்டாலும் எந்தச் சுருதியிலும் உடனே வாசிப்பார். சொந்தமாக ஏதாவது வாசியுங்கள் என்றால் ஆரம்பத்தில் கை நின்றுவிடும்.

பாடகி பிரிக்பீல்ட்ஸில் சின்ன வயதிலேயே கர்நாடகச் சங்கீதம் கற்றவர். கீபோர்டு வாசிக்கும் பெண் பியானோ தேர்வுகள் எழுதி வந்தவர். பேஸ் வாசிப்பவர் ரவாங்கில் இருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து போகிறவர், தானே கற்றுக்கொண்டவர். டிரம்மர் கோம்பாக்கைச் சேர்ந்த மலாய்க்காரர். பேஸ்காரரோடு ஒரே கல்லூரியில் படித்தவர். தமிழில் "சாப்பிட்டாச்சா", "மச்சா" தாண்டி அவருக்கு அதிகம் தெரியாது. இந்த ஆய்வில் அது முக்கியமான விஷயம்.

ஒத்திகை அறை

ஈப்போ சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஜாமிங் ஸ்டூடியோ. கீழே டயர் கடை. மணிக்கு 40 வெள்ளி (ரிங்கிட்), வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை.

ஆரம்பத்தில் அங்கே நடந்தது எல்லாக் குழுவிலும் நடப்பதுதான். டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்ததும் பாடகிக்குத் தன் குரல் கேட்காது, மைக்கை ஏற்றுவார். கிட்டார்காரர் ஆம்ப்பை ஏற்றுவார். கீபோர்டு விடுமா? அரை மணி நேரத்தில் எல்லோரும் உச்சத்தில் இருப்பார்கள், யாருக்கும் யாரும் கேட்காது. அந்தக் காலத்துப் பதிவுகளைக் கேட்டால், ஐந்து பேரும் ஐந்து தனி அறையில் வாசித்தது போலத்தான் இருக்கிறது.

முதல் மாற்றத்தைக் கொண்டு வந்தவர் பாடகி. மைக் இல்லாமல் பாடினாலும் தன் சொல் எல்லோருக்கும் கேட்க வேண்டும், அந்த அளவுக்குத்தான் மற்றவர்கள் வாசிக்க வேண்டும் என்று கேட்டார். டிரம்மர் கட்டைக் குச்சிகளை வைத்துவிட்டு, மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ராடுக்கு மாறினார். கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தவரை அதன் சத்தம் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்காலியில் தூக்கி வைத்து முகத்துக்கு நேராகச் சாய்த்ததும் அவரே பாதியாகக் குறைத்துக்கொண்டார். செலவு ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், இந்தப் பாட்டுக்கான வேலை அன்றுதான் தொடங்கியது, பாட்டு என்று ஒன்று இல்லாதபோதே.

இரண்டாவது ஏற்பாடு பதிவு. ஒத்திகை முழுவதையும், இடையில் பேசுவது, சண்டை, சுருதி சேர்ப்பது எல்லாவற்றையும் ஒரு கைப்பேசி பதிவு செய்யும். வாரம் ஒருவர் அதை முழுக்கக் கேட்டு, காதில் நின்ற இடங்களின் நிமிடத்தைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: தான் வாசித்ததைத் தானே குறிக்கக் கூடாது. மற்றவர் வாசித்ததில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த நிபந்தனை செய்த வேலையை நான் பதிவுகளில் நேராகக் கேட்டேன். பாட்டின் நடுவில் வரும் மெதுவான பகுதி, கீபோர்டுப் பெண் ஏதோ ஒரு ஒலியைச் சோதித்துப் பார்த்தபோது விரல் போன போக்கில் வாசித்தது. அந்த நேரத்தில் மற்ற நான்கு பேரும் வாடகையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசித்தவருக்கே அது நினைவில்லை. ரயிலில் கேட்டுக்கொண்டு போன பேஸ்காரர்தான் 47ஆவது நிமிடத்தைக் குறித்துப் போட்டார். கவனமாக வாசித்த நேரங்களில் அவர்களுக்கு இவ்வளவு நல்லது வரவில்லை. இது இவர்களுக்கு மட்டும் உள்ள குணம் என்று நான் நினைக்கவில்லை. வாசிக்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் கை தனக்குத் தெரிந்த பாதைக்குப் போய்விடும். தெரியாத பாதையில் போனதை வெளியில் இருந்து இன்னொருவர்தான் பிடித்துத் தர முடியும்.

பாட்டியின் பதிவு

பாடகியின் பாட்டி கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, ஆட்கள் கலைந்து, குடும்பம் கோலாலம்பூரின் செந்தூலுக்கு வந்தது. அவர் பேசுவதைப் பேத்தி கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காக இல்லை, வீட்டுக்கு ஒரு நினைவாக இருக்கட்டும் என்றுதான்.

அந்தப் பேச்சில் ஒரு இடத்தில் பாட்டி பெரட்டைப் பற்றிச் சொல்கிறார். விடிவதற்கு முன்பே ஆட்கள் களத்தில் கூட வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறிவிட்டால் குறைந்துபோகும், அதனால் அவ்வளவு சீக்கிரம். இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் செக்ரோலை, அதாவது ஆட்களின் பேர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார்கள். யார் யார் பேர் எந்த வரிசையில் வரும் என்று இத்தனை வருடம் கழித்தும் பாட்டிக்கு நினைவிருக்கிறது. பதிவில் அதை அப்படியே சொல்லிக்கொண்டு போகிறார். கூப்பிட்டவரின் குரலில், அதே வேகத்தில். இடையிடையே ஒருவர் வெறும் "ம்" என்றுதான் பதில் சொல்வார் என்று அதையும் செய்து காட்டுகிறார்.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பாடகி இதைப் போட்டுக் காட்டினார். பாட்டி எவ்வளவு நினைவாற்றலோடு பேசுகிறார் என்று காட்டத்தான். தமிழ் தெரிந்த நால்வரும் பேச்சைக் கேட்டார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை அவர்களை அப்படிப் பிடித்துக்கொண்டது. டிரம்மருக்குக் கதை புரியவில்லை. அவருக்குக் காதில் விழுந்தது ஒலி மட்டும்தான். இரண்டு விரலால் மேசையில் தட்ட ஆரம்பித்துவிட்டார். பாட்டி பேரைச் சொல்லி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். மலாயில் அணிநடைக்கு எண்ணுவது போலக் குறுக்கி எண்ணினார்: து, வா, கா. து, வா, கா, பாட். மூன்றும் நாலும். ஏழு.

அஞ்சலை, முனியம்மா. அஞ், ச, லை என்று மூன்று தட்டு. மு, னி, யம், மா என்று நாலு தட்டு. அடுத்து காத்தாயி, பச்சையம்மா. மறுபடியும் மூன்று, நாலு. எல்லாப் பேரும் இப்படிப் பொருந்தவில்லை, சில இடங்களில் மூன்று தட்டுப் பேர் இரண்டு சேர்ந்தாற்போல் வருகிறது. ஆனால் பாட்டியின் குரல் அங்கேயும் கொஞ்சம் நீட்டி அந்த ஏழுக்குள் கொண்டு வந்துவிடுகிறது. கர்நாடகச் சங்கீதத்தில் தகிட தகதிமி என்று சொல்லும் மிஸ்ர சாப்புத் தாளமும் இதே கணக்குதான். பாடகி அதை எத்தனையோ முறை கையில் போட்டுப் பாடியிருக்கிறார். ஆனாலும் தன் பாட்டியின் பேச்சில் அது இருப்பது அவர் காதில் விழவில்லை. வார்த்தை தெரிந்தவர்களுக்குத் தாளம் மறைந்துபோனது, வார்த்தை தெரியாதவருக்குத் தாளம் மட்டும் தெரிந்தது.

பல குழுக்கள் ஒரே மாதிரி ஆட்களைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கின்றன. ஒரே ரசனை, ஒரே பழக்கம் இருந்தால் வேலை சுலபம்தான். இந்தக் குழுவில் நான் கண்டது எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஒருவருக்குத் தெரியாத ஒன்று மற்றவர்களுக்குப் பயன்பட்டது. ஒத்திகைக்கு வெளியே, மாமாக் கடையில் சேர்ந்து உட்காரும் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது.

சுருதியில் வந்த சண்டை

ஏழு தட்டு கிடைத்ததும் கிட்டார்காரர் ஒரு சின்ன ஓட்டத்தைக் கொண்டு வந்தார். கிட்டார் கற்பவர்கள் முதலில் பழகும் ஐந்து சுரங்களில் அமைந்தது: ச, க, ம, ப, நி. மைனர் பென்டாடானிக். பாடகி கேட்டதும் சுத்த தன்யாசி ராகம் என்றார். சுரம் ஒன்றுதான். ஆனால் பாடகியின் காந்தாரம், அதாவது க, ஒரு இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். கிட்டார்காரரால் கம்பியை வளைத்து அந்த அசைவுக்குப் பக்கத்தில் வர முடிந்தது. கீபோர்டால் முடியாது. கீபோர்டில் காந்தாரத்தை அழுத்தினால் அது அழுத்திய இடத்திலேயே நிற்கும். குரல் மேலும் கீழும் போக, அடியில் ஒரு சுரம் அசையாமல் நிற்க, இரண்டும் உரசியது. பதிவில் கேட்டால் பாடகி சுருதி தவறிப் பாடுவது போல இருக்கும். தவறியது யாருமில்லை.

நாலு வாரம் இதில் போனது. பாடகியை அசைக்காமல் பாடச் சொல்லிப் பார்த்தார்கள். சினிமாப் பாட்டின் பிரதி போல ஆனது. கடைசியில் கீபோர்டுப் பெண் கார்டில் (ஒன்றாக அழுத்தும் சுரக் கூட்டத்தில்) இருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு ச, ப மட்டும் பிடித்துப் பார்த்தார். ராக் கிட்டார்காரர்கள் பவர் கார்டு என்று வாசிப்பது அதைத்தான். குரலுக்கு இடம் கிடைத்தது. அதற்கும் மேலே போய், பேர் கூப்பிடும் பல்லவியில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். இப்போது பல்லவி முழுக்கக் கீபோர்டு இல்லை. எட்டாம் நிலை வரை பியானோ கற்ற ஒருவர் பாட்டின் முக்கியமான இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இதை அவர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதற்குப் பங்கு பற்றிய பகுதியில் வருகிறேன்.

பேஸ்காரரின் பங்கும் இப்படித்தான் குறைந்தது. பாட்டி செய்து காட்டிய அந்த "ம்", அதையே அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஏழு தட்டுக்கும் ஒரே ஒரு சுரம், முதல் தட்டில். கூப்பிட்டதற்குப் பதில். மற்ற ஆறு தட்டும் சும்மா.

உறுமி

உறுமி வேண்டும் என்றது கிட்டார்காரர். தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடியோடு போகும் உறுமி மேளக் குழுக்களைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை இந்த ஊரில் இல்லை. செந்தூலில் அப்படி ஒரு குழுவில் வாசிக்கும் அண்ணன் ஒருவரை அழைத்து வந்தார்கள்.

உறுமியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்களுக்காக: நடுவில் ஒடுங்கிய, இரண்டு பக்கமும் தோல் கட்டிய மேளம். ஒரு பக்கத்தை நேர்க் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்துத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வருகிறது. அண்ணன் வாசிக்கும்போது அந்த வளைந்த குச்சி தோலில் நகரும் தூரம் விரல் அகலம்கூட இருக்காது. அழுத்தம்தான் மாறுகிறது. லேசாக அழுத்தினால் முனகல், அழுத்திப் பிடித்தால் கர்ஜனை. ஒரு மைக்கால் அதைப் பிடிக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அடிக்கும் பக்கம் ஒன்று, தேய்க்கும் பக்கம் ஒன்று என்று இரண்டு வைத்தேன். ஏர்கான் இன்னொரு தொல்லை. வெளியில் மழை ஈரத்தில் தளர்ந்து வந்த தோல், குளிரூட்டிய வறண்ட அறையில் இறுகி, அரை மணி நேரத்தில் சுருதி மேலே ஏறிவிடும். பதிவு நாளில் ஏர்கானை முன்னதாகவே நிறுத்திவிட்டு வேர்வையோடு வேலை செய்தோம்.

பெரிய சிக்கல் கிளிக். பதிவு செய்யும்போது எல்லோர் காதிலும் ஒரே வேகத்தில் டிக் டிக் என்று ஒலிக்க விடுவது இன்று வழக்கம். அப்படிச் செய்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், பின்னால் வெட்டி ஒட்டலாம். அண்ணன் ஹெட்ஃபோனைப் போட்டார், ஒரு நிமிடம் வாசித்தார், கழற்றி வைத்துவிட்டார். பாடகி ஏழு தட்டை அவருக்குக் கையில் போட்டு விளக்கப் போனார். அவர் சொன்னது பதிவில் இருக்கிறது: "தங்கச்சி, கணக்கெல்லாம் எனக்கு வேணாம். நீ பேரைப் பாடிக்கிட்டே இரு, நான் வந்து சேர்ந்துக்கிறேன்."

சேர்ந்துகொண்டார். எப்படி என்றால், காவடிக்கு வாசிப்பது போலவே. காவடி எடுப்பவரின் காலைப் பார்த்துத்தான் மேளக்காரர் வேகத்தை வைக்கிறார். ஆள் சோர்ந்தால் தூக்கிவிடுவார், அருள் வந்தால் கூடவே போவார். அங்கே வேகம் என்பது எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கும் பதில். கிளிக் யாருக்கும் பதில் சொல்லாது. அதனால்தான் அவருக்கு அதோடு வாசிக்க வரவில்லை. திறமைக் குறைவு என்று அதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

கிளிக்கை விட்டுவிடுவது என்று முடிவானது. ஆறு பேரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, முழுப் பாட்டையும் ஒரே ஓட்டமாக வாசிப்பது. இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு டேக்கும் (ஒரு முறை முழுசாக வாசித்த பதிவு) வேறு வேறு வேகத்தில் இருக்கும், ஒன்றில் நன்றாக வந்த இடத்தை எடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. எல்லா மைக்கிலும் எல்லா வாத்தியமும் கேட்கும், ஒருவர் தப்பை மட்டும் அழிக்க முடியாது. மூன்றாவது டேக்கை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதில் இரண்டாவது பல்லவியில் பேஸ் கம்பி ஒன்று இரைகிறது. இருக்கட்டும் என்று விட்டோம். பாட்டின் தொடக்கத்தில் ஒரு ஏழு தட்டுச் சுற்றுக்கு இரண்டு விநாடி ஆகிறது. கடைசிப் பல்லவியில் 1.85 விநாடி அளவுக்கு வந்துவிடுகிறது. கேட்பவர் யாரும் வேகம் கூடியது என்று சொல்வதில்லை. கடைசியில் ஏதோ பற்றிக்கொள்கிறது என்கிறார்கள்.

கலவையில் எனக்குப் பயமாக இருந்தது உறுமியின் தேய்ப்பும் பேஸ் கிட்டாரும் ஒரே கனத்தில் மோதிக்கொள்ளுமே என்பதுதான். மோதவில்லை. பேஸ்காரர் முன்பே ஆறு தட்டைக் காலி செய்து வைத்திருந்தார். உறுமி வருவதற்குப் பல மாதம் முன்பு, பாட்டியின் "ம்"முக்காகச் செய்தது.

பங்கு

இதுதான் ஆய்வின் நடு இடம் என்று எனக்குப் படுகிறது. இசையைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

முந்தைய பாட்டுகளில் வழக்கப்படி இசை கிட்டார்காரர், வரிகள் பாடகி என்று பேர் போட்டார்கள். மற்ற மூவரும் வாசித்தவர்கள், அவ்வளவுதான். அந்தப் பாட்டுகளை இப்போது கேட்டால் எல்லோரும் எல்லா இடத்திலும் வாசிக்கிறார்கள். பேர் இல்லாதவருக்குத் தான் அங்கே இருப்பதைக் காட்ட வேறு வழி இல்லை, விரல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பாட்டுக்கான வேலையின் நடுவில் ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. ஓட்டம் என்னுடையது என்றார் கிட்டார்காரர். தாளத்தைக் கண்டுபிடித்தது டிரம்மர் என்றார் பேஸ்காரர். வார்த்தையே எங்கள் வீட்டில் இருந்து வந்தது என்றார் பாடகி. மூன்றும் உண்மை. அதனாலேயே அளந்து பிரிக்க முடியவில்லை.

அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு தன் பாட்டுகளுக்கு உறுப்பினர் எல்லோரையும் எழுதியவர்களாகப் போட்ட முறையைக் கீபோர்டுப் பெண் எடுத்துச் சொன்னார். பல வாரம் பேசி, அறையில் இருந்து பாட்டைச் செய்தவர் எல்லோருக்கும் சம பங்கு என்று முடிவு செய்தார்கள். உறுமி அண்ணனுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்புவதா, பங்கா என்று மறுபடியும் ஒரு சுற்று. பங்குதான் என்றானது. ஆறில் ஒன்று. எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டு எழுதியவர்களுக்கான உரிமத் தொகையை வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் பதிவதற்கும் இப்படி யாருக்கு எத்தனை விழுக்காடு என்ற கணக்கு தேவை.

கீபோர்டு பல்லவியை விட்டு விலகியது சம பங்கு என்ற முடிவுக்கு அடுத்த ஒத்திகையில்தான். எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். "நான் வாசிக்காத இடத்துக்கும் எனக்குப் பங்கு உண்டுன்னா, வாசிக்காம இருக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம்?" என்றார். பதிவுகளை வரிசையாகக் கேட்டால் அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் அப்படியே தெரிகிறது. பின்னால் வந்த ஒத்திகைகளில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் நிறுத்துகிறார்கள். அடுத்தவர் யோசனையைத் தன் யோசனையாகவே எடுத்துத் தள்ளிப் பார்க்கிறார்கள்.

இந்த முறை எல்லாக் குழுவுக்கும் சரி வராது. ஒருவரே வீட்டில் உட்கார்ந்து வரியும் மெட்டும் முழுசாக எழுதிக்கொண்டு வந்தால் அவருக்குச் சம பங்கு என்பது அநியாயம். இந்தக் குழுவில் யாரும் முழுசாக எதையும் கொண்டு வருவதில்லை என்பதால்தான் இது நியாயமாகிறது.

பாட்டிக்கு என்ன? சட்டப்படி கேட்டால் பதில் சின்னது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுத்திலோ பதிவிலோ வடிவம் பெற்ற படைப்புக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. ஒரு தோட்டத்து ஆட்களின் பேர் வரிசை யாருக்கும் சொந்தமான படைப்பு ஆகாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பாடகி வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் பாடிக் காட்டினார். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு பேரை எடுக்கச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கு நடந்ததாம், அவர்கள் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்களாம், பாட்டில் கேட்டால் மனசு கஷ்டப்படும் என்றார். பேரை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் நாலு தட்டுக்கு ஒரு பேர் வேண்டும். பாட்டியே வள்ளியம்மா என்று போட்டுக் கொடுத்தார். அவரும் பெரட்டில் நின்றவர்தான், வேறு வரிசையில். அப்புறம் மற்ற பேர்களுக்கும் தெரிந்த குடும்பங்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். வெளியீட்டில் பாட்டியின் பேரும் இருக்கிறது. அவருடைய குரலின் சில விநாடிகள் பாட்டின் தொடக்கத்தில் இருக்கின்றன. அதற்கு ஒரு தொகையும் கொடுத்தார்கள்.

வெளியான பிறகு

இதில் சொல்ல அதிகம் இல்லை. இணையத் தளங்களில் பாட்டைப் போட்டார்கள். வந்த காசு ஒத்திகை அறை வாடகைக்கே காணாது. ஒரு வானொலியில் கேட்டபோது மூன்றரை நிமிடத்துக்குக் குறைத்து, நாலு தட்டுத் தாளத்தில் ஒரு வடிவம் செய்து தர முடியுமா என்றார்கள். குறைக்கலாம், தாளத்தை மாற்ற முடியாது என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். அதோடு நின்றது. பெட்டாலிங் ஜெயாவில் சின்ன மேடையில் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த வயதான அம்மாக்கள் பேர் வரும் இடத்தில் தங்கள் தோட்டத்துப் பேர்களைச் சத்தமாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து மேடையில் கடைசிப் பல்லவியை நீட்டி அதற்கு இடம் விடுகிறார்கள்.

அடுத்த பாட்டில் வந்த சறுக்கலைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். முதல் பாட்டுக்குக் கிடைத்த பேச்சில் உற்சாகமாகி, செந்தூல் ரயில் பட்டறைத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பாட்டு செய்ய உட்கார்ந்தார்கள். நல்ல பொருள். ஓய்வு பெற்றவர்களைப் பார்த்துப் பேசினார்கள், பதிவு செய்தார்கள், ரயில் சத்தத்தில் இருந்து தாளம் எடுத்தார்கள். மூன்று மாதம் போனது. பாட்டு உயிரில்லாமல் இருந்தது, அவர்களுக்கே தெரிந்தது. எனக்குப் படும் காரணம் இது: பொருளை முதலில் முடிவு செய்துவிட்டதால் எல்லோரும் ஒரே விஷயத்துக்காகக் கேட்டார்கள். பேச்சில் ரயில் தாளம் எங்கே இருக்கிறது என்று ஐந்து பேரும் தேடினார்கள். மாமாக் கடையில் டிரம்மரின் விரல் தேடிப் போகவில்லை. அந்தப் பதிவுகளை அவர்கள் அழிக்கவில்லை. என்றைக்காவது வேறு காது கேட்கும் என்று வைத்திருக்கிறார்கள்.

இப்போது கீபோர்டுப் பெண்ணுக்கு ஜொகூர் பாருவில் வேலை கிடைத்திருக்கிறது. மார்கழி தொட்டுத் தைப்பூசம் முடியும்வரை உறுமி அண்ணனைப் பிடிக்க முடியாது. ஆள் மாறும்போது பங்கு என்னாகும் என்பதை அவர்கள் முன்பு எழுதி வைக்கவில்லை. போன மாதம் உட்கார்ந்து எழுதினார்கள்: இந்தப் பாட்டில் அவருடைய ஆறில் ஒரு பங்கு எங்கே போனாலும் அவருடையது. புதுப் பாட்டில் அறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ஒத்திகைப் பதிவை வாரா வாரம் ஜொகூருக்கும் அனுப்புவதாக இருக்கிறார்கள், அவர் நிமிடம் குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பங்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் கிட்டார்காரரும் பேஸ்காரரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.